கொழும்பு நூதனசாலையில் ஒரு பகல்

வினாயகபுரத்திலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் ஓர் இரவு முழுவதையும் வண்டியிற் கழிக்க வேண்டும். திருக்கோவிலுக்கு அணித்தாய், கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கிறது எமது ஊர். தலைநகரோ தீவின் மறுகரையில் இருக்கிறது. அக்கரைப்பற்று வரை கடற்காற்று. அம்பாறையைத் தாண்டினால் காட்டுக்காற்று. மகியங்கனைக்கு அப்பால் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும், பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற அந்தப் பாதையிலே எவர்க்கும் உறக்கம் வாராது. எம்முடன் வந்த முப்பத்திரண்டு மாணாக்கர்க்கும் வரவில்லை. பாதிப்பேர் பாடினர், மீதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் சாய்ந்திருந்தனர்.

உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் பிள்ளைகள் அவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாக ஒரே வகுப்பில் இருப்பவர்கள். அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை எம்முடன் பகிர்ந்துகொண்டவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர். வயதில் எமக்கு மூத்தவராதலின் அவரை நாம் 'நானா' என்றே அழைப்பது வழக்கம். அவர் எம்மை 'மாஸ்டர்' என்பார்.

எமது கரையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் குடும்பங்கள் வழக்கமாகக் காண்பவை எவை என்பதை நேயர்கள் அறிவார்கள். காலிமுகத்திடலிற் காற்று வாங்குவார்கள். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானையைப் பார்ப்பார்கள். புறக்கோட்டையிற் புடைவை வாங்கிக்கொண்டு இரவு வண்டி ஏறிவிடுவார்கள். நூதனசாலைக்குப் போவோம் என்றால், "உடைந்த கல்லைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று வீட்டிற் பெரியவர்கள் கேட்பார்கள். அந்த உடைந்த கற்களுக்காகவே நாம் இம்முறை சென்றோம்.

கறுவாத்தோட்டத்தில், விழுதூன்றிய ஆலமரங்களின் நிழலுக்குப் பின்னே வெள்ளை வெளேரென்று நிற்கிறது கொழும்பு தேசிய நூதனசாலை. 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட கட்டடம் இது. அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்தது. அவருடைய சிலை வாயிலின் முன்னே நிற்கிறது. வரைபடம் இயற்றியவர் ஜேம்ஸ் சிமிதர் என்னும் கட்டடக் கலைஞர். கல்லும் சுண்ணமும் கொண்டு அதனைக் கட்டி நிமிர்த்தியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன். இப்பெயரை நாம் சொல்லியதும் நானாவின் முகம் மலர்ந்தது. மரிக்காரைப் பற்றி முஸ்லிம் மக்களிடையே வழங்கும் கதை ஒன்றை அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். திறப்பு விழாவிலே தேசாதிபதி மரிக்காரை அழைத்து, "உமக்கு என்ன மரியாதை வேண்டும்?" என வினவினாராம். "வெள்ளிக்கிழமைகளில் இதன் கதவுகள் மூடியிருக்க வேண்டும், அதுவே போதும்" என்றாராம் மரிக்கார். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டிருந்தமைக்கு இதுவே காரணம் என்பது அக்கதை. கதையோ மெய்யோ, பட்டத்தையும் பதக்கத்தையும் கேட்காது ஒரு நாளைக் கேட்ட மனிதரை எமக்குப் பிடித்துப்போயிற்று.

உட்புகுந்தவுடன் தொளுவிலைப் புத்தர் எதிர்ப்படுகிறார். அநுராதபுரத்துக் கல்லில் அமைந்த பெருவடிவம். சத்தமிட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் அதன் முன்னே தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கூடம் கூடமாக நாம் கண்டவற்றை எல்லாம் இங்கே வரிசைப்படுத்தினால் வாசகர்க்குச் சலிப்பே மிஞ்சும். வாள்கள், நாணயங்கள், முகமூடிகள், தந்தவேலைகள் ஆகியவற்றை விரைந்து கடந்தோம். மூன்று இடங்களிலேதான் நின்றோம். அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

முதலாவது, பொலன்னறுவையிலிருந்து வந்த சைவத் திருவுருவங்கள். சோழர் 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை வென்று, பொலன்னறுவையைத் தலைநகராக்கி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு, 1070 வரை ஆண்டதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்திற் படித்திருந்தார்கள். ஆண்டுகளை மனனஞ் செய்திருந்தார்கள் என்பதே பொருந்தும். அங்குள்ள சிவன் கோயில்களின் இடிபாடுகளை 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் என்பவர் அகழ்ந்தபோது மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த செப்புத் திருமேனிகள் பல இங்கே இருக்கின்றன. ஆடவல்லான் வட்டத் திருவாசியினுள்ளே ஆடுகிறான். நாயன்மார் நிற்கின்றனர்.

அவர்களுள் சுந்தரமூர்த்தி நாயனாரைக் கண்டு நாம் நெடுநேரம் நின்றோம். அணிகலன் பூண்ட இளைஞர். கைகள் இரண்டும் சற்றே விரிந்து முன்னே எழுகின்றன. கூப்பப் போகும் கையா, திகைத்து நின்ற கையா என்று சொல்ல முடியவில்லை. மணப்பந்தலிலே தடுத்தாட்கொள்ளப்பட்ட கதையை அறிந்தவர்க்கு அந்தக் கைகளே முழுக் கதையையும் சொல்லிவிடும். இன்னோரிடத்திற் காரைக்காலம்மையார், எலும்பும் தோலுமாய், கையிலே தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். "இவ்வளவு மெலிந்த உருவத்தை ஏன் செய்தார்கள்?" என்று ஒரு முஸ்லிம் மாணவி கேட்டாள். அழகு வேண்டாம் என்று வேண்டிப் பெற்ற பேயுருவம் அது என்று நாம் சொன்னோம். அவள் சற்று யோசித்து, "அப்படியெண்டால் செய்தவருக்கு அது பெரிய வேலைதான், சேர். அழகா செய்யிறது லேசு" என்றாள். கலை விமரிசனம் படிக்காத பிள்ளை. ஆனந்த குமாரசுவாமி இந்நூதனசாலைச் செப்புருவங்களைப் பற்றி 1914ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர் அருகே நின்றிருந்தால் அவளை மெச்சியிருப்பார்.

இரண்டாவது இடம், கண்டி மன்னரின் அரியணை. 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ, கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாக அளித்தது. மரத்தின்மேல் பொற்றகடு போர்த்தது. கைப்பிடிகள் சிங்க உருவம். முதுகுப்புறத்தின் உச்சியிலே சூரியன். அதில் இறுதியாக அமர்ந்தவன் சிறீ விக்கிரம இராசசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்தவன்; கண்ணுச்சாமி என்பது இளமைப்பெயர். 1815இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்படுத்தி, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். 1832இல் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்னும் இடத்தில் அவன் அடக்கம் இருக்கிறது. வேலூர் செல்லும் எம்மவர்கள் மருத்துவமனைக்கே செல்கிறார்கள். இந்த மண்டபத்தையும் ஒருமுறை பார்த்துவரலாம்.

மன்னன் தென்னாட்டுக்குப் போனான். ஆசனம் இங்கிலாந்துக்குப் போயிற்று. விண்ட்சர் மாளிகையில் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1934ஆம் ஆண்டில் குளொஸ்டர் கோமகன் அதனை இலங்கைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அண்மையிலும் இவ்வாறு சில பொருள்கள் வீடு திரும்பின. 1765இல் கண்டி அரண்மனையை ஒல்லாந்தர் சூறையாடியபோது எடுத்துச் சென்ற சிறு பீரங்கி ஒன்றும், பொன்வாள், வெள்ளிவாள், கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகியனவும் நெதர்லாந்திலிருந்து 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

இந்த விவரங்களை எல்லாம் நாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவனின் குரல் கேட்டது.

"எங்கட ஊர்ச் சாமான் ஒண்டும் இஞ்ச இல்லையா, சேர்?"

ஆசிரியர் தொழிலில் இருபதாண்டுக்குக் குறையாத பழக்கம் எமக்கு உண்டு. ஆயினும் இவ்வினாவுக்கு உடனே விடை வரவில்லை. கண்டிக்கு அரியணை இருக்கிறது. அநுராதபுரத்துக்குப் புத்தர் இருக்கிறார். பொலன்னறுவைக்கு நாயன்மார் இருக்கிறார்கள். திருக்கோவிலுக்கும் தம்பிலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் என்ன இருக்கிறது? எமது ஊர்ப்புறத்துக் கோயில்களிலே பழந்தமிழ்க் கல்வெட்டுகள் நிற்கின்றன. அவை நின்ற இடத்திலேயே நிற்பது நல்லது. ஆனால் பிள்ளை கேட்டது அதுவன்று.

அப்போதுதான் தாராதேவியின் நினைவு வந்தது. இலங்கைத் தீவு ஈன்ற செப்புத் திருமேனிகளுள் மிகப் புகழ் வாய்ந்தது அது. எட்டாம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படுவது, ஏறத்தாழ ஆளுயரம், செம்பில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. அது கண்டெடுக்கப்பட்ட இடம் அநுராதபுரமுமன்று, பொலன்னறுவையுமன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை. எமது கரை!

கொழும்பில் இருப்பது அதன் பிரதியே. மூலம் இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 1830ஆம் ஆண்டில் அதனை அங்கே கொடுத்தவர் சேர் இறொபட் பிறவுண்றிக். கண்டி வீழ்ந்தபோது இலங்கைத் தேசாதிபதியாய் இருந்தவரும் அவரே. அங்கே போன தேவி பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படவில்லை. இடைக்குமேல் ஆடையின்றி அமைந்த உருவம் நாகரிகத்துக்கு ஒவ்வாதது எனக் கருதி, ஏறக்குறைய முப்பதாண்டுகள் அறிஞர் மட்டும் புகும் அறையொன்றில் வைத்திருந்தார்கள்.

இன்னுமொன்று. இவ்வுருவத்தைப் பத்தினித் தெய்வம் என்றே அறிஞர் சிலர் ஒரு காலத்தில் எழுதினர். பௌத்தரின் தாராதேவி என்பது பின்னரே உறுதியாயிற்று. பத்தினி என்றால் கண்ணகியன்றோ? வைகாசி மாதத்திலே குளிர்த்தி பாடும் எமது ஊர்ப்பிள்ளைகளுக்கு அந்தத் தவறான பெயர்கூட இனித்தது. "ஆசனம் வந்ததெண்டால் அம்மனும் வரலாம்தானே?" என்று முதலிற் கேட்ட அதே மாணவன் மீண்டும் கேட்டான். வரலாம் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை நாம். ஆசனத்தை எடுத்த இடமும் எடுத்த நாளும் ஏட்டில் இருக்கின்றன. எமது தேவியை எவர் எந்த மண்ணிலிருந்து எடுத்தார், எப்படிப் பெற்றார் என்று எழுதி வைத்தார் இல்லை. எழுதி வையாத பொருளைக் கேட்டுப் பெறுவது கடினம் என்று மட்டும் சொன்னோம். சொல்லும்போதே எம் நெஞ்சு எம்மைச் சுட்டது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

மூன்றாவதாக நாம் நின்றது ஒரு கல்லின் முன்னே. காலித் துறைமுக நகரில், 1911ஆம் ஆண்டில், மதகொன்றின் மேல் மூடுபலகையாய்க் கிடந்த கல்லைப் பொறியியலாளர் ஒருவர் கண்டார். திருப்பிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து! சீனப் பேரரசன் யொங்லேயின் ஆணைப்படி 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு வெட்டி, கடற்படைத் தலைவன் செங் ஹோவின் கப்பல்களிலே கொண்டுவந்து நாட்டிய கல் அது. உச்சியில் இரண்டு சீனப் பறவைநாகங்கள் எதிரெதிராக நிற்கின்றன. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம்.

இக்கல்லின் விசித்திரம் அதன் பொருளில் இருக்கிறது. சீன எழுத்து புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ் எழுத்து தெனாவரை நாயனாருக்கு, அதாவது இன்று தெவிநுவரை எனப்படும் தெய்வேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த விட்டுணுமூர்த்திக்குக் காணிக்கை செலுத்துகிறது. (அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தனர்.) பாரசீக எழுத்து இஸ்லாத்தைப் போற்றிச் செலுத்துகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, எண்ணெய், விளக்கு என்று நீள்கிறது. ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுத்தால் துறைமுகத்தில் வியாபாரம் நடவாது என்பதைச் சீனத் தலைவன் அறிந்திருந்தான் போலும். செங் ஹோ தானும் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவன்.

பிள்ளைகள் தமிழ்ப் பகுதியை முட்டி மோதிக்கொண்டு எழுத்துக் கூட்டினர். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய எழுத்து. மெய்க்குப் புள்ளி இல்லை. ஆயினும் ஒருவன் ஒரு சொல்லைப் பிடித்துவிட்டான். அடுத்தவள் மற்றொன்றைப் பிடித்தாள். நானா கீழே குனிந்து, தேய்ந்துபோன பாரசீகப் பகுதியிலே கண்ணை வைத்தார். மூன்றினுள்ளும் மிகச் சிதைந்தது அதுவே. "மொழி எனக்கு வராது, மாஸ்டர். எழுத்து வரும்" என்று சொல்லி, அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் காற்றில் வரைந்து காட்டினார். முஸ்லிம் மாணாக்கர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். சீனப் பகுதிக்கு எம்மிடையே எவரும் இல்லை. அது எம்மைப் பார்த்தபடி இருந்தது.

எமது கரையிலே ஒரே வீதியின் இருபுறமும் வாழ்ந்தும், எல்லை எங்கே, காணி யாருக்கு என்று மனம் கசந்த காலங்கள் எமக்கு உண்டு. அக்காலங்களைச் சிறு பிள்ளைகளாய்க் கேட்டறிந்தவர்கள் இந்த மாணாக்கர். நாமும் நானாவும் நேரிற் கண்டவர்கள். அந்தக் கல்லின் முன்னே நாம் இருவரும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நானா நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நாம் கை கொடுத்தோம்.

பிற்பகலிற் புறக்கோட்டைக்குச் சென்றோம். அரியணையை அனுப்பிய வான் றீ 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாய் இருந்து வாழ்ந்த வீடு இளவரசர் வீதியில் இருக்கிறது. உயர்ந்த தூண்கள் தாங்கிய முன்வாயில், உள்ளே முற்றம். அவ்வீட்டின் வரலாறு ஒரு மனிதரின் வரலாற்றைவிடச் சுவையானது. தேசாதிபதியின் மனையாயிருந்து, ஆசிரியர் பயிற்சிக்கூடமாகி, படை மருத்துவமனையாகி, ஈற்றிலே தபாற் கந்தோராயிற்று. சுவரொன்று இடிந்து விழுந்த பின்னர் தபாற் கந்தோர் வெளியேறியது. பழுது பார்த்து, 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறந்தார்கள். நாம் 1999ஆம் ஆண்டளவில், பல்கலைக்கழக மாணவனாய் இருந்தபோது, அடையாள அட்டையை மூன்றிடத்திற் காட்டிவிட்டு அதனுள் நுழைந்திருக்கிறோம். கருங்காலிக் கட்டில்களும் கல்லறைப் பலகைகளும், முற்றத்தின் நிழலும் நினைவிலிருக்கின்றன. தெருவில் அன்று நிலவிய அச்சம் அம்முற்றத்துள் இல்லை. இம்முறையோ வாகன நெரிசலிற் சிக்கி, மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். பூட்டிய கதவின் முன்னே நின்று, தூண்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பினோம்.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வாழ்ந்த இல்லமும் கொழும்பில் உண்டு. சிறு வீடுகள் நான்கை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஒரே வீடாக்கியவர் அவர். 2003இல் அவர் மறைந்த பின்னர், முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்டு வருவோருக்கு அது காட்டப்படுகிறது. முப்பத்திரண்டு பிள்ளைகளோடு போகக்கூடிய வீடு அன்று. குடும்பமாகச் செல்வோர் முயலலாம்.

வீடுகளைப் பார்க்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த காரைதீவு எமது வழியில்தான் இருக்கிறது. யாழ் நூலை உலகுக்கு அளித்த அதே 1947ஆம் ஆண்டில் மறைந்த அவரது சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் அருகே மரநிழலில் இருக்கிறது. காத்தான்குடியிலே கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்வைக் காட்டும் நூதனசாலை ஒன்று எழுந்திருக்கிறது. மட்டக்களப்புக் கோட்டையைச் சொல்லவே வேண்டா. அயலில் இருப்பதாலேயே நாம் போகாத இடங்கள் இவை.

இனி, நெஞ்சு சுட்ட காரணம். எமது பாட்டனார் வீட்டிலே பழைய பெட்டகம் ஒன்று இருந்தது. அதனுள்ளே கண்ணகி வழக்குரை ஏடுகள் இருந்தன. ஆண்டுதோறும் வைகாசியில் மஞ்சட்டுணியை அவிழ்த்து, ஏட்டைக் கோயிலுக்குக் கொண்டுசென்று, பாடி முடித்து, மீண்டும் கட்டி வைப்பார்கள். 2003ஆம் ஆண்டில், ஏடுகளைப் படம் எடுத்துக் காக்கும் பணியிலிருந்த அன்பர் ஒருவர், இரண்டு நாள் இரவல் தருமாறு எம்மிடம் கேட்டார். தருகிறோம் என்றோம். அடுத்த விடுமுறைக்கு என்றோம்; அதற்கடுத்த விடுமுறைக்கு என்றோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை கடல் வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மனிதரைத் தேடிய அந்நாட்களிலே ஏட்டை எவர் தேடுவார்? பெட்டகத்தின் மூடியை மட்டும் தை மாதத்தில், வயலுக்குள்ளே, கால் மைல் தொலைவிற் கண்டெடுத்தோம்.

இந்தக் கதையைத் திரும்பும் வழியிலே, மலையிறங்கும் இருட்டில், பிள்ளைகளிடம் சொன்னோம். இதுவரை எவர்க்கும் சொல்லாதது. எவரும் ஒன்றும் கூறவில்லை. நானா மட்டும், "மூடி இன்னும் கிடக்கா, மாஸ்டர்?" என்று கேட்டார்.

கிடந்தது. கோழிக்கூட்டுக்கு மேலே வைத்திருந்தோம். கழுவித் துடைத்து, அடுத்த திங்கட்கிழமை வகுப்பறை அலுமாரியின் மேற்றட்டில் வைத்தோம். என்ன பொருள், எந்த வீட்டினது, எவர் தந்தார், எந்நாள் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினோம். பிள்ளைகளிடம் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாணவி தன் பாட்டியின் வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்தாள். பின்னர் மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று வந்தது. நைந்தது, ஆயினும் நிறம் மங்காதது. தென்னங்குரும்பையில் செய்த விளையாட்டுத் தேர் ஒன்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். அதனைச் செய்தவன் முந்தின நாள்தான் செய்திருந்தான்.

அக்கரைப்பற்று மாணவன் ஒருவன் நெல்லளக்கும் மரைக்கால் ஒன்றைக் கொண்டுவந்தான். நான்கு தலைமுறையாக அவர்கள் களத்தில் அளந்தது. அவனுடைய மூத்தவாப்பா ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார்: பெரும்போக வெட்டுக்கு முதல் அளவை இதிலேதான் அளப்பது வழக்கம், அப்போது திருப்பித் தந்துவிட வேண்டும். துண்டுக் கடதாசியில் அதையும் எழுதிக்கொண்டோம். மாசி மாதம் முழுவதும் அலுமாரியில் அதன் இடம் வெறுமையாய் இருந்தது. பங்குனியில் அவன் அதை மீண்டும் கொண்டுவந்து வைத்தான். அடியிலே நெல்மணிகள் சில ஒட்டியிருந்தன. துடைக்க வேண்டாம் என்றோம்.